இடுக்கிலே வேலை செய்யும் குட்டை ராட்செட்

(தோட்டக் கிளையின் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், செயற்குழு உறுப்பினரான தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு ராட்செட் ஸ்பானரைப் பற்றிப் பேசும்படி தலைவர் எனக்குக் கட்டளையிட்டிருக்கிறார். "கிராணி பேனா பிடிக்கிறவர், ஸ்பானரைப் பற்றி அவருக்கென்ன தெரியும்?" என்று பின்வரிசையிலே யாரோ முணுமுணுப்பது என் காதிலே விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் பட்டறைக்கு வாங்குகிற சாமான் கணக்கும் என் மேசைக்குத்தான் வருகிறது. விபத்துப் புத்தகமும் என் மேசையிலேதான் இருக்கிறது. எந்தச் சாமான் வாங்காமல் விட்டதால் எந்த விரல் கிழிந்தது என்பதை இரண்டு புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவனுக்குத் தெரியாமல் போகாது. மற்றபடி என் மோட்டார் சைக்கிளை நானே கழற்றி மாட்டுகிறவன் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

நமது தோட்டத்திலே மோட்டார் சைக்கிள் இல்லாத வீடு அபூர்வம். விடியுமுன்னே பெரட்டுக்குப் போகவும், நிரைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியிலே விடவும் அந்தக் கப்சாய்தான் நமக்குக் கால். அது ஒரு நாள் படுத்துக்கொண்டால் அன்றைய வெட்டு போயிற்று; வெட்டு போனால் அன்றைய கூலியும் போயிற்று. தோட்டத்து டிராக்டரும் பால் ஏற்றும் லாரியும் நின்றுவிட்டாலோ, வெட்டிய பால் வாளியிலேயே கெட்டியாகத் தொடங்கிவிடும். ஆகவே வண்டியைச் சீக்கிரமாகவும் ஒழுங்காகவும் பழுது பார்ப்பது நம் வயிற்றுப்பாட்டோடு சேர்ந்த விஷயம்.

வண்டி வேலையிலே கஷ்டமான இடம் எது? கண்ணுக்குத் தெரிகிற நட்டைக் கழற்றுவது யாருக்கும் கஷ்டமில்லை. கார்புரேட்டரை இன்ஜினோடு பிடித்திருக்கும் போல்ட்டு, டிராக்டர் இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவிலே ஒளிந்திருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட்டு, பெல்ட்டை இறுக்கும் போல்ட்டு, இப்படிக் கையும் நுழையாத, ஸ்பானரும் திரும்பாத இடுக்குகள்தாம் நம்மைப் படுத்துகின்றன.

அது ஏன் என்று சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நட்டுக்கு ஆறு பக்கம். ஒரு முழுச் சுற்று 360 பாகை. ஆகவே வாய் திறந்த ஸ்பானரை ஒரு தடவை மாட்டினால், அடுத்த பக்கத்தைப் பிடிக்க 60 பாகை திருப்பியாக வேண்டும். அந்த ஸ்பானரின் வாயைச் சற்றுச் சாய்வாக, பெரும்பாலும் 15 பாகை சாய்வாகச் செய்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அழகுக்காகச் செய்ததன்று. ஒரு தடவை நேராகவும் மறு தடவை புரட்டியும் போட்டால் 30 பாகை இடம் இருந்தாலே போதும் என்பதற்காகச் செய்தது. பன்னிரண்டு மூலை உள்ள வளைய ஸ்பானருக்கும் 30 பாகை வேண்டும். 15 சென்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியிலே 30 பாகை என்றால் அதன் நுனி ஏறக்குறைய 8 சென்டிமீட்டர் தூரம் நகர வேண்டும். இன்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவிலே நாலு விரற்கடை இடத்துக்கு எங்கே போவது?

சரி, எப்படியோ 30 பாகை கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 6 மில்லி கனமுள்ள போல்ட்டிலே மரைக்கு மரை உள்ள தூரம் சாதாரணமாக 1 மில்லி. 20 மில்லி ஆழம் இறங்கியிருக்கும் போல்ட்டு வெளியே வர 20 சுற்று சுற்ற வேண்டும். சுற்றுக்கு 12 தடவை ஸ்பானரை எடுத்து எடுத்து மாட்டினால் மொத்தம் 240 தடவை ஆகிறது. தளர்ந்த பிறகு விரலால் சுற்றிக்கொள்ளலாம் என்பீர்கள். விரல் நுழைகிற இடமாக இருந்தால் இத்தனை பேச்சே வேண்டியதில்லையே!

இந்தத் தொல்லையைத் தீர்க்கிற கருவிதான் ராட்செட். அதன் உள்ளே என்ன இருக்கிறது? மந்திரம் ஒன்றுமில்லை. சைக்கிளின் பின்சக்கரத்திலே உள்ள ஃப்ரீவீலை எல்லோரும் அறிவீர்கள். மிதியை முன்னே மிதித்தால் சக்கரம் சுழல்கிறது. மிதியைப் பின்னே சுற்றினால் 'டிக் டிக்' என்று சத்தம் மட்டும் கேட்கிறது, சக்கரம் அசைவதில்லை. ராட்செட்டும் அதே வேலைதான். தலைக்குள்ளே ஒரு பற்சக்கரம். அந்தப் பல்லிலே போய் மாட்டிக்கொள்ளும் ஒரு சிறு நாக்கு. நாக்கைத் தள்ளிப் பிடிக்க ஒரு வில். கைப்பிடியை ஒரு பக்கம் திருப்பினால் நாக்குப் பல்லைப் பிடித்து நட்டைச் சுழற்றும். மறு பக்கம் திருப்பினால் நாக்குப் பல்லின்மேல் தாவித் தாவி வழுக்கிக்கொண்டு வரும். பின்னாலுள்ள சிறு பிடியை மாற்றிவிட்டால் கழற்றுகிற கருவி இறுக்குகிற கருவியாகிவிடும். ஸ்பானரை நட்டிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை. 240 தடவை மாட்டுகிற வேலை ஒரே தடவையாகிவிடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பன்று. சாக்கெட் மாற்றிப் போடும் ராட்செட்டுக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் என்பவர் 1863-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றுவிட்டார். மோட்டார் வண்டி பிறக்குமுன்னே பிறந்த கருவி இது.

இப்பொழுது குட்டை ராட்செட்டுக்கு வருவோம். கடையிலே போய், "ராட்செட் கொடு" என்று கேட்டால் பளபளவென்று ஒன்றைக் கொடுப்பார்கள். அதை வாங்குமுன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "இதிலே எத்தனை பல்?" என்பது. 360-ஐப் பல்லின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு பல் தாண்டக் கைப்பிடி எத்தனை பாகை நகர வேண்டும் என்று தெரிந்துவிடும். 24 பல்லானால் 15 பாகை. 36 பல்லானால் 10 பாகை. 72 பல்லானால் 5 பாகை. 90 பல்லானால் 4 பாகை. 10 சென்டிமீட்டர் நீளக் கைப்பிடியும் 72 பல்லும் உள்ள குட்டை ராட்செட்டிலே நுனி 9 மில்லி நகர்ந்தாலே அடுத்த பல் பிடித்துவிடும். அரை விரற்கடை போதும்! அதே நீளத்திலே 24 பல் உள்ளதானால் 26 மில்லி நகர வேண்டும். இடுக்கிலே அந்த வித்தியாசம் வேலை நடப்பதற்கும் நடக்காததற்கும் உள்ள வித்தியாசம்.

அப்படியானால் பல் கூடக் கூட நல்லதா? அங்கேயும் அளவு உண்டு. ஒரே சுற்றளவிலே பல்லைக் கூட்டினால் ஒவ்வொரு பல்லும் மெலிந்துவிடும். நல்ல கம்பெனிக்காரர்கள் நாக்கிலே பல பற்களை வைத்து, ஒரே சமயத்தில் பல பல் கடிக்கும்படி செய்து அந்தக் குறையைச் சரிக்கட்டுகிறார்கள். மலிவுச் சரக்கிலே மெல்லிய பல்லை ஒற்றை நாக்கு பிடித்துக்கொண்டிருக்கும். பலமாக இழுத்தால் தாவிவிடும். தாவினால் நம் முட்டி போய் எங்கே மோதும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைக் கேட்டால் நம் வேலைக்கு 72 பல் தாராளம்.

இரண்டாவது கேள்வி, சாக்கெட் மாட்டும் சதுரத்தின் அளவு. மில்லிக் கணக்கிலே நட்டு விற்கிற தேசங்களிலும் இந்தச் சதுரம் மட்டும் அங்குலத்திலேயே நின்றுவிட்டது. 1/4 அங்குலம், 3/8 அங்குலம், 1/2 அங்குலம் ஆகிய மூன்றும் நமக்குப் பழக்கமானவை. மோட்டார் சைக்கிளின் 8, 10 மில்லித் தலைகளுக்கு 1/4 அங்குலம் சரி. 12, 14, 17 மில்லித் தலைகளுக்கு 3/8. லாரி, டிராக்டரின் பெரிய நட்டுகளுக்கு 1/2. இடுக்கு வேலைக்கென்று ஒன்றே ஒன்று வாங்குவதானால் 3/8 அங்குலக் குட்டையை வாங்கலாம். மோட்டார் சைக்கிள் மட்டும் வைத்திருப்பவர் 1/4 அங்குலத்தை வாங்கலாம்.

மூன்றாவது, இடுக்குக்கு ஏற்ற வகை. இடம் நீளத்திலே குறைவா, உயரத்திலே குறைவா, அல்லது வளைந்து போக வேண்டியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கைப்பிடி திரும்ப இடமில்லை என்றால் குட்டைக் கைப்பிடி ராட்செட். நேரே நுழைய முடியாமல் சாய்ந்து நுழைய வேண்டுமென்றால் கழுத்து மடங்கும் ராட்செட். தலைக்குமேலே இடமில்லை, சாக்கெட்டும் ராட்செட்டும் சேர்ந்த உயரம் நுழையவில்லை என்றால் வளையத்திலேயே பற்சக்கரம் வைத்த ராட்செட் வளைய ஸ்பானர். அதன் தலை மெல்லியது, நீளமான போல்ட்டும் அதன் ஓட்டை வழியே வெளிவந்துவிடும். நட்டு ஆழத்திலே இருந்து, வெளியே இடமிருந்தால் இவையெல்லாம் வேண்டாம். சாதாரண ராட்செட்டிலே ஒரு நீட்டுக் கம்பி போட்டால் போதும். ஸ்குரூ தலைகளுக்குக் கட்டை விரல் பருமனில் சிறு ராட்செட் உண்டு. திருப்புளி நிமிர்ந்து நிற்க முடியாத இடத்திலே அது கைகொடுக்கும்.

தோழர்களே! குட்டை ராட்செட்டினால் இன்னொரு நன்மை உண்டு. பால்வெட்டுகிறவர்களுக்கு இது உடனே விளங்கும். உளி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலோட்டமாகப் போனால் பால் வராது. அதே போலப் போல்ட்டுக்கும் பக்குவமான இறுக்கம் ஒன்று உண்டு. திருகுகிற சக்தி என்பது கை கொடுக்கும் பலத்தைக் கைப்பிடியின் நீளத்தால் பெருக்கி வருவது. 6 மில்லிப் போல்ட்டு ஏறக்குறைய 10 நியூட்டன் மீட்டர் சக்திக்கு இறுக்கினால் போதும். 10 சென்டிமீட்டர் கைப்பிடியிலே அதற்கு 10 கிலோ பாரம் தூக்குகிற அளவு கை பலம் வேண்டும். 25 சென்டிமீட்டர் கைப்பிடியிலோ 4 கிலோ போதும். நம் மண்வெட்டிப் பிடித்த கை அறியாமலே அதைத் தாண்டிவிடும். அலுமினிய இன்ஜினிலே மரை உரிந்துவிட்டால் பிறகு பட்டறைக்குத்தான் போக வேண்டும். சிறு போல்ட்டுக்குக் குட்டைக் கைப்பிடியே காவல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஸ்பானரில் எழுதியிருக்கும் எண் போல்ட்டின் தலையினுடைய அளவு, கம்பியின் கனமன்று. 10 மில்லித் தலை உள்ள போல்ட்டின் கம்பி சாதாரணமாக 6 மில்லிதான். மோட்டார் சைக்கிள் இன்ஜினில் காணும் 8 மில்லித் தலைப் போல்ட்டிலும் பெரும்பாலும் 6 மில்லிக் கம்பிதான். தலையைப் பார்த்துப் பலம் கொடுத்தால் கம்பி முறியும்.

அதே காரணத்தினால் குட்டை ராட்செட் செய்யக்கூடாத வேலையும் ஒன்று உண்டு. துருப்பிடித்து இறுகிப்போன நட்டை அதைக் கொண்டு முதல் அசைவு அசைக்கக் கூடாது. முதலில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருந்து, ஆறு மூலை வளைய ஸ்பானராலோ நீளமான கெட்டிக் கைப்பிடியாலோ அசைத்துவிட்டு, நட்டு இளகின பிறகே ராட்செட்டைப் போட வேண்டும். ராட்செட் கைப்பிடியிலே குழாயைச் செருகி நீட்டுவதும், அதன்மேல் சுத்தியலால் தட்டுவதும் அதன் நாக்கை அறுத்து எறிவதற்குச் சமானம். கடைசி இறுக்கமும் அப்படியே. பெரிய நட்டானால் ராட்செட்டால் ஓட்டிக் கொண்டுவந்து, ஸ்பானரால் முடிக்க வேண்டும்.

இனி இடுக்கிலே மாட்டிக்கொள்ளும் சில பொறிகளைச் சொல்கிறேன். பட்டறைப் பையன்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதற் பொறி: திசை மாற்றும் பிடி இல்லாத ராட்செட் வளைய ஸ்பானரைக் கொண்டு இடுக்கிலே போல்ட்டைக் கழற்றுவது. போல்ட்டு வெளியே வர வர ஸ்பானரையும் தள்ளிக்கொண்டு வரும். கடைசியில் ஸ்பானர் சட்டத்திலே முட்டி நின்றுவிடும். வெளியே எடுக்கவும் முடியாது, போல்ட்டைத் திரும்ப உள்ளே அனுப்பவும் முடியாது. ஆகவே இடுக்குக்குத் திசை மாற்றும் பிடி உள்ளதையே வாங்க வேண்டும். போல்ட்டு முழுவதும் வெளிவர இடமிருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பொறி: நட்டு நன்றாகத் தளர்ந்த பிறகு ராட்செட்டை எவ்வளவு ஆட்டினாலும் நட்டு முன்னும் பின்னும் அதனோடேயே ஆடிக்கொண்டிருப்பது. கருவி கெட்டுவிட்டதென்று எண்ண வேண்டாம். நாக்கு வழுக்குவதற்கும் சிறிது எதிர்ப்பு வேண்டும். சாக்கெட்டை ஒரு விரலால் இலேசாகப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும்.

மூன்றாவது பொறி: அங்குலமும் மில்லியும் கலப்பது. பழைய இங்கிலீஷ் டிராக்டர்களில் அங்குல நட்டுகள் உண்டு. 3/4 அங்குலத்துக்கு 19 மில்லியும், 5/16 அங்குலத்துக்கு 8 மில்லியும் ஏறக்குறையச் சரியாக உட்காரும். ஆனால் 1/2 அங்குலம் என்பது 12.7 மில்லி, அதிலே 13 மில்லி சாக்கெட் லொடலொடவென்று ஆடும். ஆடுகிற சாக்கெட்டை இழுத்தால் மூலை மழுங்கும். பழைய நட்டுக்குப் பன்னிரண்டு மூலைச் சாக்கெட்டைவிட ஆறு மூலைச் சாக்கெட் நல்லது. அது பக்கத்தைப் பிடிக்கும், மூலையைத் தின்னாது.

நான்காவது, மின்சாரம். ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கமும் பாட்டரி பக்கமும் கை வைக்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் கம்பியை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும். ராட்செட் முழுவதும் இரும்பு. ஒரு முனை பாசிட்டிவிலும் மறு முனை வண்டியின் உடம்பிலும் பட்டால் அந்தக் கணமே பழுக்கக் காய்ந்து கையைச் சுட்டுவிடும். டிராக்டர், லாரிக்கு அடியிலே போகிறவர் ஜாக்கியை மட்டும் நம்பிப் போகக் கூடாது. கீழே தாங்கி வைத்த பிறகே உடம்பை உள்ளே விட வேண்டும். கைகளிலே மோதிரம், கயிறு இருந்தால் கழற்றி வைத்துவிட வேண்டும். இழுக்கிற பக்கம் எதிரே கூர்மை என்ன இருக்கிறதென்று ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு இழுக்க வேண்டும். முடிந்தவரை தன் பக்கமாக இழுப்பது நல்லது. தள்ள வேண்டி வந்தால் விரல்களை மடக்காமல் உள்ளங்கையால் தள்ள வேண்டும். நழுவினாலும் முட்டி தப்பும்.

கருவியைப் பேணுவது பெரிய வித்தையன்று. வேலை முடிந்ததும் மண்ணைத் துடைத்து, தலைக்குள் இலேசான எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். வண்டிச் சக்கரத்துக்குப் போடும் கெட்டிக் கொழுப்பை அப்பினால் நாக்கு ஒட்டிக்கொண்டு பல்லிலே விழாது. விழாத நாக்கு வழுக்கும். பால் ஸ்டோரிலே, பால் உறைய வைக்கும் ஆசிட் வைக்கிற இடத்திலே எந்த இரும்புக் கருவியையும் வைக்காதீர்கள். அந்த ஆவியே துருவை வரவழைத்துவிடும்.

இதுவரை கருவியைப் பேசினேன். இனிக் கருவிக்குக் காசு யார் கொடுப்பது என்பதைப் பேச வேண்டும்.

இரண்டு கணக்கையும் தனித்தனியே வைத்துப் பார்ப்போம். நம் சொந்த மோட்டார் சைக்கிளை நாம் பழுது பார்ப்பது நம் சொந்தக் காரியம். அதற்குத் தோட்டத்தைக் கருவி கேட்பது நியாயமாகாது. ஆனால் தோட்டத்து டிராக்டரையும் லாரியையும் பம்பையும் பழுது பார்க்கிற பட்டறைத் தோழர், "உன் ஸ்பானரைக் கொண்டு வந்து வேலை செய்" என்று சொல்லப்படுவது எந்த நியாயத்தில் சேரும்? இடுக்குக்குப் பொருந்தாத கருவியைக் கொடுத்து வேலை வாங்கி, விரல் கிழிந்த பிறகு "கவனக் குறைவு" என்று விபத்துப் புத்தகத்திலே ஒரு வார்த்தையில் எழுதச் சொல்லுகிற இடங்களும் உண்டு. அந்த ஒரு வார்த்தையை எழுதுகிற கை கிராணியின் கை. ஆதலால் கிராணித் தோழர்களுக்கும் சொல்கிறேன்: எந்தக் கருவி கையில் இருந்தது, எந்தக் கருவி இருந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எழுதப்பட்டது நிற்கும், சொல்லப்பட்டது காற்றோடு போகும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு, இயந்திரத்தையும் வேலை முறையையும் நடைமுறைக்கு இயன்றவரை ஆபத்தில்லாமல் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது. வேலையைப் பழக்கிக் கொடுப்பதும் அதே கடமையில் அடங்கும். 26-ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. அந்தச் சட்டப்படி செய்து கொடுக்க வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது. பாதுகாப்பைப் பற்றிப் புகார் சொன்னதற்காக ஒருவரை வேலையை விட்டு நிறுத்துவதையோ தொல்லைப்படுத்துவதையோ 27-ஆவது பிரிவு தடுக்கிறது. 40 பேரும் அதற்கு மேலும் வேலை செய்கிற இடத்திலே பாதுகாப்புக் குழு இருக்க வேண்டுமென்பது 30-ஆவது பிரிவு. கருவி சம்பந்தமான குறையை அந்தக் குழுவிலே எழுத்து மூலம் வைக்கலாம். சம்பளத்திலே கண்டபடி பிடித்தம் செய்ய முடியாது என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவும் இருக்கிறது.

நம் பக்கத்துக் கடமையையும் மறைக்கக் கூடாது. அதே 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, தொழிலாளியும் தன்னையும் தன் பக்கத்தில் நிற்பவரையும் காக்கும்படி ஜாக்கிரதையாக நடந்துகொள்ள வேண்டுமென்கிறது. நல்ல ராட்செட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அதிலே குழாயைச் செருகி உடைத்துவிட்டால் அடுத்த தடவை கேட்க நமக்கு வாய் இருக்காது.

கருவியைப் பற்றிப் பேசும்போது ஒரு கிராணியின் கதையையும் சொல்லியாக வேண்டும். இது நீதிமன்றப் பதிவிலே உள்ள சங்கதி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கார்ட்னர் என்று ஓர் ஊர். அங்கே சியர்ஸ் என்னும் பெரிய கம்பெனியின் கடையிலே பீட்டர் ராபர்ட்ஸ் என்ற 18 வயது இளைஞர் விற்பனைக் கிராணியாக இருந்தார். 1963-இல், தம் ஓய்வு நேரத்திலே, ராட்செட்டின் தலையில் ஒரு பொத்தானை வைத்து, அதைக் கட்டை விரலால் அழுத்தினாலே சாக்கெட் கழன்று விழும்படி செய்தார். எண்ணெய்க் கையோடு சாக்கெட்டைப் பிடுங்கிப் போராட வேண்டியதில்லை. ஒரு கையாலேயே காரியம் முடியும். இடுக்கு வேலை செய்கிறவருக்கு அது எத்தனை பெரிய உதவி என்பது உங்களுக்குத் தெரியும். இன்று கடையிலே பார்க்கிற பொத்தான் வைத்த ராட்செட்டெல்லாம் அந்த வழியிலே வந்தவைதாம்.

அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், கம்பெனிக்கும் காட்டினார். கம்பெனியோ, அது பயனுள்ள பொருள் என்பதைச் சோதித்துத் தெரிந்துகொண்டிருந்தும், "இதற்குப் பெரிய மதிப்பில்லை" என்று அவரிடம் சொல்லி, 1965-இல் ராட்செட் ஒன்றுக்கு 2 சென்டு வீதம், எவ்வளவு விற்றாலும் மொத்தம் 10,000 டாலருக்கு மேற்படாமல் கொடுப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டது. பிறகு அந்த ராட்செட் கோடிக்கு மேல் விற்றது. 1969-இல் அவர் வழக்குப் போட்டார். 1977-இல் ஜூரிகள் கம்பெனி அவரை ஏமாற்றியது என்று தீர்ப்பளித்து 10 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். 1978-இல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் வழக்குகள் நீண்டு, 1989-இல்தான் சமரசத்தில் முடிந்தன. 18 வயதிலே செய்த பொத்தானுக்கு நியாயம் முழுதும் கிடைக்க அவருக்கு 40 வயது தாண்ட வேண்டியிருந்தது.

இந்தக் கதையை ஏன் சொன்னேன்? நம்மிலும் அப்படிப்பட்ட கைகள் இருக்கின்றன. மங்கைத் தாங்கும் கம்பியை மாற்றி வளைத்தவர், உளியின் பிடியைத் தன் கைக்கேற்றபடி திருத்தினவர், பம்பின் இடுக்குக்கென்று பழைய ஸ்பானரை அறுத்து வளைத்துக்கொண்டவர், எல்லோரும் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, வேலை செய்கிற இடத்திலே ஒருவர் கண்டுபிடித்த பொருளின் உரிமை முதலாளிக்குப் போனாலும், அது எதிர்பார்த்ததற்கு மிக அதிகமான மதிப்பைப் பெற்றால் கண்டுபிடித்தவருக்கு நியாயமான ஊதியம் உண்டு என்கிறது. ஒத்துவராவிட்டால் நீதிமன்றம் அதை நிர்ணயிக்கலாம். அந்த உரிமையை ஒப்பந்தத்தினால் குறைக்கவும் முடியாது. ஆகவே புதிதாக ஒன்று செய்தால், படம் வரைந்து, தேதி போட்டு, இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். பிறரிடம் காட்டுமுன்னும், எந்தக் காகிதத்திலும் கையெழுத்திடுமுன்னும் சங்கத்திலே வந்து கேளுங்கள். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்க நான் இருக்கிறேன்.

முடிவாக, இந்தக் கிளையின் முன் இரண்டு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: நம் சொந்த வண்டிகளுக்காகக் கிளையின் சார்பிலே பொதுக் கருவிப் பெட்டி ஒன்று வாங்க வேண்டும். அதிலே 3/8 அங்குலக் குட்டை ராட்செட் ஒன்று, 1/4 அங்குலம் ஒன்று, இரண்டும் 72 பல் உள்ளவை; 8 முதல் 17 மில்லி வரை ஆறு மூலைச் சாக்கெட்டுகள்; ஒவ்வொன்றுக்கும் நீட்டுக் கம்பி; 10, 12, 14 மில்லியில் திசை மாற்றும் ராட்செட் வளைய ஸ்பானர்கள்; முதல் அசைவுக்கு நீளமான கெட்டிக் கைப்பிடி ஒன்று. இவை போதும். எடுத்தவர் பெயரும் தேதியும் நோட்டிலே எழுதப்படும். துடைத்து எண்ணெய் விட்டுத் திருப்பி வைப்பது எடுத்தவர் பொறுப்பு. பெண்கள் எடுக்கக் கூடாதென்று யாரும் சொல்லக் கூடாது. விடியற்காலையிலே தனியாக மோட்டார் சைக்கிளில் வெட்டுக்குப் போகும் சகோதரிகளுக்குத்தான் இந்த வேலை முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு: தோட்டத்து வண்டிகளைப் பழுது பார்க்கும் பட்டறைக்கு எந்தெந்தக் கருவி குறைகிறதென்று பட்டறைத் தோழர்களே ஒரு ஜாபிதா எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த வண்டி, எந்த இடுக்கு, எந்தக் கருவி என்று மூன்று பத்தியாக எழுதுங்கள். "கருவி போதவில்லை" என்று பொதுவாகச் சொன்னால் நிர்வாகம் பொதுவாகவே பதில் சொல்லும். "டிராக்டர் ஸ்டார்ட்டரின் மேல் போல்ட்டுக்கு 3/8 அங்குலம், கழுத்து மடங்கும் ராட்செட் ஒன்று" என்று கேட்டால், உண்டு அல்லது இல்லை என்று எழுதித்தானே ஆக வேண்டும்? அதைப் பாதுகாப்புக் குழுவிலே வைக்கிற பொறுப்பைச் செயற்குழு ஏற்றுக்கொள்ளுமென்று நம்புகிறேன்.

இவ்விரண்டையும் இன்றே தீர்மானமாக எடுத்துக்கொள்ளும்படி தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.